தாயை அழைத்த காவலர்

தோழனே!

பட்டுத்தறியின் ஓசையைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த ஆரணி நகரத்துப் பிள்ளை நீ. நெசவைப்பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. எனினும் ஒன்று கேட்கிறேன். பாவிலே ஓர் இழை அறுந்துவிட்டால் நெசவாளி என்ன செய்கிறார்? சினங்கொண்டு பாவு முழுவதையும் அறுத்தெறிகிறாரா? இல்லை! தறியை நிறுத்துகிறார், அறுந்த முனையைத் தேடி எடுக்கிறார், பதமாகப் பிணைக்கிறார், அதன் பிறகே நாடாவை ஓடவிடுகிறார்.

அந்தப் பொறுமை காக்கிச் சட்டைக்குள்ளும் இருந்தது, தோழனே! அந்தச் சட்டைக்கு உரியவர் இன்று இல்லை. அவரை நினைவூட்டத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை உன் திண்ணைக்கு வந்திருக்கிறேன்.

பூமிநாதன் என்பது அவர் பெயர். திருச்சி மாவட்டத்து நவல்பட்டு காவல் நிலையத்தில் சிறப்பு உதவி ஆய்வாளர். காவலராகச் சேர்ந்து, கால் நூற்றாண்டுக் காலம் வெயிலிலும் மழையிலும் நின்றவர்க்குப் பொதுவாகக் கிடைக்கும் பதவி அது. தோளிலே நட்சத்திரம் ஏறும்போது தலையிலே நரையும் ஏறியிருக்கும்!

2021 நவம்பர் 21. விடியலுக்கு முந்திய இருள். இருசக்கர வண்டியில் ரோந்து போன பூமிநாதன், ஆடுகளோடு விரைந்தோடிய வண்டிகளைக் கண்டார். நிறுத்தச் சொன்னார், நிற்கவில்லை. துரத்தினார். மாவட்ட எல்லையைத் தாண்டினார். கீரனூரை அடுத்த பள்ளத்துப்பட்டியில், ரயில்வே சுரங்கப்பாதை அருகே மடக்கிப் பிடித்தார். ரோந்துக்கென உடன் புறப்பட்ட துணை அப்போது அருகில் இல்லை. அவர் தனியர்.

எவருடைய ஆடு? அமைச்சருடையதா? ஆலை முதலாளியுடையதா? அல்ல! ஆட்டை விற்றுத்தான் பள்ளிக் கட்டணமும் மருந்துச் செலவும் காணவேண்டிய ஏழையின் ஆடு. வங்கியிலே பணமில்லாதவனுக்குப் பட்டியில் நிற்கும் ஆடுதானே வங்கி! அந்தச் சொத்தைக் காக்க ஒருவர் நள்ளிரவில் ஓடினார்.

பிடித்தபின் அவர் செய்தது என்ன? அதைத்தான் நீ உள்ளத்தில் எழுதிக்கொள்ளவேண்டும். பிடிபட்டவர்களில் ஒருவனுடைய தாயோடு தொலைபேசியில் பேசினார்! அப்போது காவல்துறைத் தலைவராக இருந்த சைலேந்திரபாபு செய்தியாளர்களிடம் சொன்ன செய்தி இது. ஆளரவமற்ற இடம், கேட்பாரில்லை, காண்பாரில்லை. அடித்திருந்தால் சாட்சி சொல்ல ஆளில்லை. அவரோ அறுந்த இழையின் மறுமுனையைத் தேடினார். தாயைத் தேடினார்!

அந்த இடத்திலேயே அரிவாளுக்கு இரையானார். கைதானவர்கள் யார் தெரியுமா? 19 வயது இளைஞன் ஒருவன். உடன் இரு சிறுவர்கள்.

அரசு 1 கோடி ரூபாய் அறிவித்தது. குடும்பத்தில் ஒருவருக்கு வேலை என்றது. நன்று! வரவேற்கிறேன். 2020 சனவரி 8ஆம் நாள் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் சுட்டுக் கொல்லப்பட்ட சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் குடும்பத்துக்கும் 1 கோடி தரப்பட்டது. அன்று ஆண்டது வேறு கட்சி. ஆட்சி மாறுகிறது, அறிவிப்பு மாறவில்லை. இறந்த காவலருக்கு விலை வைக்கக் கற்றுக்கொண்டோம். இருக்கும் காவலருக்கு என்ன வைத்திருக்கிறோம்?

பூமிநாதன் மறைந்ததும் கிளம்பிய குரல் எது? ரோந்து செல்வோர் துப்பாக்கி எடுத்துச் செல்லட்டும், தற்காப்புக்குச் சுடத் தயங்கவேண்டாம் என்றார்கள். தற்காப்பு உரிமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைச் சாக்காகக் கொண்டு, "நாலு பேரைச் சுட்டால் நாடு திருந்தும்" என்று நாற்காலியில் சாய்ந்தபடி நீதி வழங்கும் வீரர்கள் இருக்கிறார்களே, அவர்களைக் கேட்கிறேன்: தாயிடம் பேசியவரின் பெயரைச் சொல்லியா தனயனைச் சுடச் சொல்கிறீர்கள்? இதுவா அவருக்கு எழுப்பும் நினைவுச் சின்னம்? அவருக்குத் தேவைப்பட்டது இடுப்பிலே ஓர் இரும்புத்துண்டு மட்டுமா? பக்கத்திலே இன்னொரு மனிதர்!

இன்னோர் இரவையும் எண்ணிப்பார். 2020 சூன் 19. சாத்தான்குளம். ஊரடங்கு நேரம் கடந்தும் கடை திறந்திருந்ததாகக் குற்றஞ்சாட்டி, ஜெயராஜை நிலையத்துக்கு இட்டுச் சென்றனர். அவர் மகன் பென்னிக்சும் பின்தொடர்ந்து அங்கே சென்றார். 22, 23 தேதிகளில் அடுத்தடுத்து இருவரும் மாண்டனர். மத்தியப் புலனாய்வுத் துறை, காவலர்கள்மீதே கொலைக்குற்றம் சாட்டியது. அங்கே கைதானவர் இருவர். சுற்றிலும் காவலர் கூட்டம். இங்கே காவலர் ஒருவர், சுற்றிலும் இருட்டு. அங்கே தடி பேசிற்று. இங்கே தாயுள்ளம் பேசிற்று. இரண்டும் ஒரே நிறக் காக்கிதான். எந்தக் காக்கியை நாம் வளர்க்கப்போகிறோம்?

அந்தச் சாத்தான்குளம் நிலையத்திலும் ஒரு விளக்கு எரிந்தது. தலைமைக் காவலர் ரேவதி! விசாரிக்க வந்த நீதித்துறை நடுவரிடம், உடன் பணியாற்றியோர் வெளியே சூழ்ந்திருக்க, அச்சத்தோடு, ஆனால் மறைக்காமல், கண்டதைச் சொன்னார். உண்மை பேசிய அந்தப் பெண்மணிக்குப் பின்னே நிற்க ஒரு சங்கம் உண்டா? இல்லை!

தோழனே! கூலி குறைந்தால் நெசவாளி கொடி பிடிக்கிறார். கூட்டுறவுச் சங்கத்தின் முன் முழங்குகிறார். அப்போது எதிரே தடியோடு நிற்கிறாரே, அவரும் நெசவாளி வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். உழவர் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். அவர் கொடி பிடிக்கமுடியாது. காவற்படையினரின் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் 1966ஆம் ஆண்டு மத்தியச் சட்டம், அரசின் அனுமதியின்றிச் சங்கம் சேரக்கூடாது என்கிறது. அனுமதி தரலாம் என்பதும் அதே சட்டத்தின் பொருள்தானே! பக்கத்துக் கேரளத்தில் காவலருக்குச் சங்கம் இருக்கிறது. அங்கே வானம் இடிந்து விழவில்லை. கடல் பொங்கி ஊருக்குள் புகவில்லை!

கழகத்துக்கு இதிலே பங்கில்லையா என்பாய். உண்டு, பெருமையோடு சொல்வேன். காவலரின் நிலையை ஆராய 1969இல் கோபாலசாமி தலைமையில் ஆணையம் அமைத்தது கழக ஆட்சி. காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 2021 நவம்பரில் ஆணை பிறப்பித்ததும் கழக ஆட்சியே. மாதத்தைக் கவனித்தாயா? பூமிநாதன் வீழ்ந்த அதே நவம்பர்!

நம் ஆட்சி போட்ட ஆணை என்பதற்காக நான் வாய்மூடி இருக்கலாமா? ஆணை ஏட்டில் இருந்தால் போதாது. காவலரின் வீட்டு வாசலுக்கு வந்து சேரவேண்டும். ஆள் பற்றாக்குறை என்று சொல்லி அந்த ஒரு நாளையும் பிடுங்கிக்கொண்டால், கொடுத்தது ஓய்வா, காகிதமா? ஆர்டர்லி முறை ஒழிக்கப்பட்டதாக 1979இலேயே அரசாணை வந்தது. அதை நான்கு மாதத்துக்குள் ஒழித்துக்கட்டுங்கள் என்று 2022இல் சென்னை உயர்நீதிமன்றம் சொல்லவேண்டி வந்தது. நாற்பதாண்டுக்கு மேல் ஓர் ஆணை உறங்கிற்று! மேலதிகாரி வீட்டில் காய்கறிப் பை தூக்க ஆளுண்டு. நள்ளிரவு ரோந்தில் பூமிநாதன்களுக்குத் துணைநிற்க ஆளில்லையா?

ஆண்டுதோறும் அக்டோபர் 21ஆம் நாள் காவலர் வீரவணக்க நாள். 1959இல் லடாக் எல்லையில் சீனப் படையின் தாக்குதலில் மாண்ட மத்தியக் காவற்படை வீரர் பதின்மரை நினைந்து ஏற்பட்ட நாள் அது. குண்டு முழங்கும், மலர்வளையம் வைப்பார்கள், நாமும் தலைகுனிவோம். குனிந்த தலை நிமிரும்போது வாய் திறக்கவேண்டும்! இரவு ரோந்துக்கு இருவர், இணைபிரியாது செல்லட்டும். ஓய்வுநாள் ஓய்வாகவே கிடைக்கட்டும். ஏவல் வேலைக்குப் போன காவலர் நிலையத்துக்குத் திரும்பட்டும். உண்மை பேசும் காவலருக்கு ஒரு சங்கம் இருக்கட்டும். கிளைக் கூட்டத்தில் இதைப் பேசு, தீர்மானம் எழுது, தலைமைக்கு அனுப்பு. நாம் ஆளும்போதும் கேட்போம். எதிர்வரிசையில் அமரும்போதும் கேட்போம்.

ஏழையின் ஆட்டுக்காக ஓடியவர், குற்றவாளி என்று பிடித்தவனுக்கும் ஒரு தாய் உண்டென்று நினைத்தார். அவருக்கும் ஒரு குடும்பம் உண்டென்று, அவர் உயிரோடிருந்தபோது நினைத்தவர் யார்?

அறுந்த இழையைப் பிணைக்க வந்த கை அது, தோழனே. அந்தக் கை தனியாக இருந்தது. இனி ஒரு கை அப்படித் தனியாக இருக்கக்கூடாது!