சங்கிலி காவல் காக்காது

"அண்ணாச்சி, நாயை இப்படி ஆத்தங்கரை பூரா கூட்டிட்டு அலைஞ்சா அதுக்கு ரோசம் போயிரும்லா. பகல் முழுக்கக் கட்டிப் போடணும். அப்பதான் ராத்திரி ஆளை விடாது."

எங்கள் ஊரான ஏரலில் இதை என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. சொல்கிறவர்கள் இரக்கமற்றவர்கள் அல்ல. நாய்க்குச் சோறு வைத்த பிறகே தட்டில் கை வைக்கிறவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் அவர்கள் சொல்வது தவறு. அந்தத் தவறுக்கு விலை கொடுப்பது வாயில்லாத ஒரு உயிர்.

என்னிடம் இருப்பது செவலை நிறச் சிப்பிப்பாறை நாய். ஒன்றரை வயதுவரை வேறொரு வீட்டில், இரண்டு முழச் சங்கிலியில் கிடந்தது. என்னிடம் வந்தபோது கழுத்தைச் சுற்றி முடி இல்லை. பால்காரரைக் கண்டால் பாயும். குடை விரிந்தால் குரைக்கும். கோயிலில் வேட்டுப் போட்டால் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிடும். பார்த்தவர்கள் "நல்ல ரோசமான நாய்" என்றார்கள். அது ரோசம் இல்லை, பயம். பயந்த நாய்க்கு இரண்டு வழிதான்: ஓடும், இல்லையென்றால் கடிக்கும். சங்கிலி முதல் வழியை அடைத்துவிடுகிறது.

அமெரிக்காவின் டென்வர் நகரில் ஆட்களைக் கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 1994-ல் வெளியானது. முற்றத்தில் கட்டிப்போடப்பட்ட நாய்கள் கடித்தவற்றில் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. கடித்தால் நல்லதுதானே என்பார்கள் சிலர். அது கள்ளனைத்தான் கடிக்கும் என்று யார் உறுதி தருவது? பந்து எடுக்க வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் அதே பல்தான்.

இப்போது தினமும் விடியும் முன்னே கிளம்பிவிடுகிறோம். வெயில் ஏறிய தார்ச்சாலை உள்ளங்காலைச் சுட்டுவிடும். அதனால் வாய்க்கால் கரை, வாழைத்தோட்டங்களுக்கு நடுவே போகும் மண்பாதை, பிறகு தாமிரபரணி. வழியில் மயில் நிற்கும். செவலை ஒரு முன்னங்காலைத் தூக்கியபடி கல்லாகிவிடும். தோல் மட்டும் அலையலையாக நடுங்கும். கண்ணால் பார்த்து விரட்டுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம் அது. நான் இழுப்பதில்லை, அதட்டுவதும் இல்லை. கொஞ்ச நேரத்தில் தானாகவே திரும்பி என் முகத்தைப் பார்க்கும். அந்த ஒரு பார்வை வர எங்களுக்கு எட்டு மாதம் ஆயிற்று. அடித்திருந்தால் எட்டு வருடம் ஆனாலும் வந்திருக்காது.

அவிழ்த்து விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. முயலையும் மயிலையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. சாலையில் லாரி யாருக்காகவும் நிற்காது. கயிறு கையில் இருக்க வேண்டும். இந்த இனத்துக்குத் தலை குறுகல் என்பதால் கழுத்துப்பட்டை நழுவிவிடும், மார்புப்பட்டைதான் சரி.

காவல் போய்விட்டதா? வாழைத்தார் ஏற்ற வருகிறவர்கள், குளிக்கப் போகும் பெண்கள், வலை போடுகிறவர்கள் எல்லோரையும் செவலைக்கு இப்போது வாசனையிலேயே தெரியும். அவர்களுக்கு வாலாட்டும். நடு இரவில் அறியாத காலடி கேட்டால் மட்டும் எழுந்து குரைக்கும். முன்பு விடிய விடியக் குரைத்தது. எது உண்மையான எச்சரிக்கை என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ஊரைத் தெரிந்த நாய்க்குத்தான் அந்நியனையும் தெரியும்.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. வீரனோடு அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதைக் கல்வெட்டே சொல்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் பெயர் சொல்லும் அந்தக் காவல் நாய், ஆளோடு கூடவே நின்ற நாய்.

நாயைக் கட்டியே போடக்கூடாது என்றுதான் சட்டமும் சொல்கிறது. 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில், வழக்கமாகக் கட்டிவைக்கப்படும் நாய்க்குத் தேவையான நடமாட்டம் தராமல் இருப்பது தனிக் குற்றம். அளவுக்கு மீறிக் குட்டையான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பதும் குற்றம். முதல் முறை அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. பல பத்தாண்டுகளுக்கு முன்பு போட்ட அந்தத் தொகை இன்று யாரையும் தடுக்காது. மாற்றியே ஆக வேண்டும்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆறு ஏரலுக்குள் வந்தது. எங்கள் மாவட்டத்தில் ஆடு மாடுகள் ஆயிரக்கணக்கில் செத்தன. முளையில் கட்டிக்கிடக்கும் உயிருக்கு நீந்தித் தப்பக்கூட வழியில்லை என்பதை நம் ஊர் கண்ணால் பார்த்தது.

உங்கள் வாசலில் ஒரு நாய் கட்டிக்கிடந்தால், இன்று வெயில் தாழ்ந்ததும் அதை ஆற்றங்கரைவரை கூட்டிப்போய்வாருங்கள். நாளைக்கும் போங்கள்.