ஐந்தொகை எடுக்காத கணக்கு

பதிவு எழுதி நாலு மாசம் ஆச்சு. வீட்டுக்கு வெள்ளையடிக்கிற வேலை. செட்டிநாட்டு வீடு தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்கட்டு அடுத்த தெருவில் இருக்கும். எட்டுப் பங்காளிகளும் ஒத்துக்கொள்ளவே ரெண்டு வருஷம் ஆச்சு. (அது தனிப் பதிவாக வரும், பயப்படாதீங்க.)

பெயிண்ட் அடிக்க வந்தவர்களில் ஒருத்தர் முகாம்காரர். நம்ம சிவகங்கை மாவட்டத்தில் ஒக்கூர், மூங்கில்ஊரணி என்று இலங்கைத் தமிழர் முகாம்கள் இருப்பது பக்கத்து ஊர்க்காரர்களுக்கே சரியாகத் தெரியாது. அவங்க கையால் பூசின சுவர் மட்டும் ஊரெல்லாம் இருக்கு. இவர் 1990-ல் மன்னார்ப் பக்கமிருந்து படகில் வந்தவர். அப்போ பன்னிரண்டு வயசாம். பேச்சில் பாதி நம்ம ஊர், பாதி அவங்க ஊர்.

பரணைக் காலி பண்ணும்போது ஒரு தகரப் பெட்டி இறங்கியது. உள்ளே எங்க ஐயா (அப்பச்சியோட அப்பா) ரங்கூன் கடையில் எழுதின பேரேடுகள். செல்லரித்தது போக மிச்சம் நாலைந்து இருந்தது.

"இது என்ன கொப்பி அண்ணே?"

"எங்க ஐயா எழுதின கணக்கு தம்பி. பர்மாவுல கொடுக்கல் வாங்கல்."

"அந்தக் காசு திரும்பி வந்ததோ?"

"எங்க வந்துச்சு. 1942-ல ஜப்பான்காரன் வந்ததும் போட்டது போட்டபடி கிளம்பி நடந்தே வந்தவங்க எத்தனையோ பேரு. அப்புறம் நிலத்தையும் அந்த ஊர் அரசாங்கம் எடுத்துக்கிச்சு."

"வராத காசுக்கு ஏன் இன்னும் கொப்பிய வச்சிருக்கியள்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "யாருக்கு என்ன கொடுத்தோம், என்ன வரணும்னு எழுதி வைக்கணும்ல" என்று ஏதோ சொன்னேன். அவர் ஒண்ணும் பேசாமல் வேலையைப் பார்க்கப் போயிட்டார். சாயங்காலம் டீ குடிக்கும்போது தானாகச் சொன்னார்.

"எங்கட அம்மாவும் ஒரு கொப்பி வச்சிருந்தவ. நாப்பது பக்கக் கொப்பி."

மூத்த அண்ணனை ஒரு சுற்றிவளைப்பில் ராணுவம் கூட்டிப் போயிருக்கிறது. அம்மா தினம் காம்ப் வாசலில் போய் நின்றிருக்கிறார். என்னைக்குப் போனேன், யாரைக் கேட்டேன், என்ன பதில் சொன்னார்கள் என்று அந்தக் கொப்பியில் எழுதி வந்திருக்கிறார். படகில் வரும்போது கடல் தண்ணீர் பட்டு மை கரைந்துபோச்சு. மண்டபம் முகாமில் உட்கார்ந்து, ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதியிருக்கிறார். அந்த அம்மா இறந்து எட்டு வருஷம் ஆகிறது.

"கொப்பி இருக்கா தம்பி?"

"இருக்கு அண்ணே. ஆரிட்டக் குடுக்கிறது எண்டுதான் தெரியல்ல."

இந்தப் பதிவு அந்த ஒரு வரிக்காகத்தான்.

எங்க பக்கத்துக் கணக்கு எழுதுகிற முறை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். அன்றாடம் நடப்பதைக் குறிப்பில் எழுதுவார்கள். அதை ஆள் வாரியாகப் பிரித்துப் பேரேட்டில் ஏற்றுவார்கள். கடைசியில் எல்லாப் பற்றையும் வரவையும் சேர்த்து ஐந்தொகை எடுப்பார்கள். ரெண்டு பக்கமும் பொருந்தவில்லை என்றால், இடிக்கிற தொகை எங்கே போச்சு என்று கண்டுபிடிக்கிற வரை மூட்டை கட்ட முடியாது. பழசு தானேன்னு யாரும் விட்டுவிட மாட்டாங்க.

இப்போ ஒரு பெரிய கணக்கைப் பார்ப்போம். போர் முடிந்த பிறகு இலங்கை அரசு அமைத்த படிப்பினைகள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முன்னால், 2011 ஜனவரியில் அன்றைய மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஒரு கணக்கை வைத்தார். அவர் எடுத்துக்கொண்டது அரசு தரப்பும் ஐ.நா.வும் கொடுத்த புள்ளிவிவரங்களைத்தான். 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தவர்கள் 4,29,059 பேர். போர் முடிந்து 2009 ஜூலைக்குள் அரசு கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் 2,82,380 பேர். மிச்சம் 1,46,679. அத்தனை பேரும் செத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. இவங்களுக்கு என்ன ஆச்சு, விளக்கம் சொல்லுங்க என்று கேட்டார். ஐந்தொகையில் இடிக்கிற தொகையைக் காட்டிக் கேட்கிற கேள்வி அது. ஆயர் 2021-ல் காலமாகிவிட்டார். அவர் கேட்டதற்குத் திருப்தியான பதில் இன்னும் வரவில்லை.

மற்ற எண்களும் இருக்கு. ஐ.நா. பொதுச்செயலாளர் நியமித்த நிபுணர் குழு 2011-ல், கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது. 2012-ல் வந்த ஐ.நா.வின் உள் ஆய்வு 70,000-க்கும் மேலே கணக்கில் வராதவர்கள் என்றது. நம்ம ஊர் மேடைகளில் அவரவர் வசதிக்கு ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு கத்துகிறோம். அந்தப் பக்கம் ஒரு எண்ணும் இல்லை என்கிறார்கள். ரெண்டு பேருக்கும் நடுவில் காணாமல் போவது பெயர்கள்.

இங்கேதான் எனக்கு நம்ம ஆட்கள் மேல் கோபம். மே 18 வந்தால் மெழுகுவர்த்தி, கஞ்சி, கவிதை, ப்ரொஃபைல் படம். தப்பு என்று சொல்லவில்லை. முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுப்பது பெரிய நினைவுச் சடங்கு. ஆனால் பத்து கிலோமீட்டரில் முகாம் இருக்கு, அதில் எழுபது வயசுக் கிழவி இருக்கா, அவ பையன் எந்த நாளில் எந்த இடத்தில் காணாமல் போனான்னு உட்கார்ந்து கேட்டு எழுதினவன் நம்மில் எத்தனை பேர்? நான் எழுதினதில்லை. உங்களைத் திட்டுவதற்கு முன்னால் என்னையே திட்டிக்கொள்கிறேன்.

"எழுதி வச்சா நீதி கிடைச்சிடுமா?" என்று பின்னூட்டத்தில் கேட்பீங்க. நியாயமான கேள்விதான். மிருசுவில் வழக்கைப் பாருங்க. 2000 டிசம்பரில் குழந்தைகள் உட்பட எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். வழக்கு 15 வருஷம் நடந்து 2015-ல் சுனில் ரத்நாயக்க என்ற ராணுவ சார்ஜண்டுக்கு மரண தண்டனை தீர்ப்பாச்சு. 2020 மார்ச்சில் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ஒரு கையெழுத்தில் அவரை மன்னித்து வெளியே விட்டார். நீதிமன்றம் கொடுத்ததை அரசியல் பிடுங்கிக்கொண்டது. ஆனால் ஒண்ணைப் பிடுங்க முடியவில்லை. யார் கொன்றது, யார் செத்தது என்று நீதிமன்ற ஏட்டில் ஏறிவிட்டது. 'அப்படி ஒண்ணும் நடக்கவில்லை' என்று இனி யாரும் சொல்ல முடியாது.

செம்மணியும் அப்படித்தான். கிருஷாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் தண்டனை பெற்ற சோமரத்ன ராஜபக்ச, செம்மணியில் நூற்றுக்கணக்கான உடல்கள் புதைக்கப்பட்டிருப்பதாக 1998-ல் நீதிமன்றத்தில் சொன்னார். 1999-ல் தோண்டியதில் 15 எலும்புக்கூடுகள் கிடைத்தன. அதோடு எல்லாம் அமைதியாச்சு. 2025-ல் அதே செம்மணிப் பகுதியில், சித்துப்பாத்தி மயானத்தில் கட்டட வேலைக்குத் தோண்டும்போது எலும்புகள் வந்தன. அந்த வருஷத்து அகழ்வில் மட்டும் 200-க்கும் மேல் எலும்புக்கூடுகள், அதில் குழந்தைகளும். ஒரு பள்ளிக்கூடப் பையும் விளையாட்டுப் பொம்மையும் கிடைத்தன. அந்தப் பையைப் பார்த்து 'இது என் பிள்ளையோடது' என்று சொல்ல ஒரு தாய் உயிரோடு இருக்கணும், இல்லை அவ எழுதி வச்ச கொப்பியாவது இருக்கணும். ரெண்டும் இல்லையென்றால் அந்த எலும்புக்கு நம்பர்தான் பெயர்.

இது தமிழனுக்கு மட்டும் நடக்கிற கதை இல்லை. மத்திய அமெரிக்காவில் கவுதமாலா என்ற நாட்டில் 36 வருஷம் உள்நாட்டுப் போர். 1996-ல் முடிந்தது. 2 லட்சம் பேர் கொல்லப்பட்டோ காணாமல் போயோ விட்டார்கள் என்று உண்மை ஆணைக்குழு சொன்னது. காணாமல் போனவர்களைப் பற்றி எந்த ஆவணமும் இல்லை என்று போலீஸ் சாதித்துக்கொண்டே இருந்தது. 2005-ல் தலைநகரில் ஒரு பாழடைந்த கட்டடத்தில் போலீசின் பழைய காகிதங்கள் மலையாகக் கிடப்பது தற்செயலாகத் தெரிய வந்தது. சுமார் 8 கோடிப் பக்கம். இளைஞர்கள் உட்கார்ந்து தூசி தட்டி, அடுக்கி, ஸ்கேன் பண்ணினார்கள். 1984-ல் காணாமல் போன ஒரு தொழிற்சங்கத் தலைவர் வழக்கில், அந்தக் காகிதங்களை வைத்தே 2010-ல் ரெண்டு முன்னாள் போலீஸ்காரர்களுக்கு 40 வருஷ தண்டனை கிடைத்தது. 26 வருஷம் தாமதம்தான். ஆனால் காகிதம் காத்திருந்தது.

ஜெனிவாவிலும் இந்த வழியைத்தான் பிடித்திருக்கிறார்கள். 2021 மார்ச்சில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் 46/1 தீர்மானம், இலங்கை தொடர்பான சாட்சியங்களைச் சேகரித்துப் பாதுகாக்கச் சொன்னது. இன்றைக்கு நீதிமன்றம் இல்லை, என்றைக்காவது வரும், அதுவரை சாட்சியம் கெடாமல் இருக்கட்டும் என்பதுதான் அதன் பொருள்.

அடுத்து, கொஞ்சம் கசப்பான விஷயம். பேரேடு என்றால் நமக்கு வர வேண்டியது மட்டும் இல்லை, நாம் கொடுக்க வேண்டியதும் அதில் இருக்கும். ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் அதுக்குப் பேர் கள்ளக்கணக்கு. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுடப்பட்டதும், அதே வருஷம் அக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 70,000 முஸ்லிம்களைப் புலிகள் விரட்டியதும், 1989-ல் ராஜினி திராணகம யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டதும் இந்தக் கணக்கில் ஏறணும். நம்ம இந்திய ராணுவம் 1987 அக்டோபர் 21, 22-ல் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்து டாக்டர்களையும் நர்ஸ்களையும் நோயாளிகளையும் கொன்றதும் ஏறணும். நம்மில் எத்தனை பேர் பாடப் புத்தகத்தில் அதைப் படிச்சோம்? 1987-89-ல் தெற்கே ஜேவிபி கிளர்ச்சியை அடக்கியபோது காணாமல் போன சிங்களப் பிள்ளைகளும் ஏறணும். அந்தக் கட்சியின் தலைவரே 2024-ல் ஜனாதிபதியானார். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017-லிருந்து தெருவோரம் உட்கார்ந்த தாய்மாரின் கேள்வி, வேறு யாருக்குப் புரியாவிட்டாலும் அந்தக் கட்சிக்குப் புரியணும்.

"பழசைக் கிளறாதே, புண் ஆறட்டும்" என்கிறவர்களுக்கு ஒண்ணு சொல்கிறேன். உள்ளே சீழ் இருக்கும்போது மேலே தோல் மூடினால் அதுக்குப் பேர் ஆறுவது இல்லை. எங்க ஆயாவுக்கே தெரிந்த வைத்தியம் இது.

நம்ம ஊர் உதாரணமே இருக்கு. 1801 அக்டோபர் 24-ல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். வருஷா வருஷம் மாலை போடுகிறோம். அவங்களோட சேர்ந்து தூக்கில் தொங்கின மற்றவர்களில் பத்துப் பேரைச் சொல்லுங்க பார்ப்போம்? எனக்குத் தெரியாது. தலைவர்களுக்குச் சிலை வைக்க ஆள் இருக்கும், மற்றவர்களுக்கு ஏடுதான் சிலை.

அதே மாதிரி இன்னொரு உதாரணமும் நம்ம ஊர்தான். கோட்டையூர் ரோஜா முத்தையா. அரசாங்கம் சொல்லவில்லை, யாரும் சம்பளம் கொடுக்கவில்லை. புத்தகம், பத்திரிகையோடு கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் என்று மற்றவர்கள் குப்பையில் போடுவதையும் தனி ஆளாகச் சேர்த்தார். அவர் 1992-ல் இறந்த பிறகு அதுதான் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆனது. 1981-ல் யாழ்ப்பாணம் நூலகம் சுமார் 97,000 புத்தகங்களோடு எரிந்தது. 2005-ல் சில தன்னார்வலர்கள் 'நூலகம்' என்ற பெயரிலேயே இணையத்தில் ஈழத்து ஆவணங்களை ஏற்ற ஆரம்பித்தார்கள். இதையெல்லாம் செய்தது நம்மைப் போல ஆசைக்கு ஆரம்பித்தவர்கள்தான்.

அதனால் பதிவர்களே, சினிமா விமர்சனத்துக்கும் சாப்பாட்டுப் பதிவுக்கும் நடுவில் (நானும் அதைத்தான் எழுதுகிறேன்) ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதுக்கு ஒதுக்குங்க. உங்க ஊரில் தெரிந்த ஒரு முகாம்காரர் இருப்பார். அவரிடம் முதலில் சம்மதம் கேளுங்க. இஷ்டமில்லை என்றால் விட்டுடுங்க, அங்கே இன்னும் அவங்க சொந்தக்காரங்க இருக்காங்க, இங்கேயும் அவங்களுக்கு ஆயிரம் பயம். சம்மதித்தால் பெயர், ஊர், தேதி, பார்த்தது யார் என்று எழுதுங்க. கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் தனித்தனியாக எழுதுங்க. உங்க கண்ணீரைச் சேர்க்காதீங்க. அவங்களுக்கு ஒரு பிரதி கொடுங்க. வலைப்பதிவில் போட்டு ஹிட்ஸ் வாங்காதீங்க, பத்திரமாக வைக்கிற இடத்தில் கொடுங்க.

பெயிண்டர் தம்பி மறுவாரம் அந்தக் கொப்பியைக் கொண்டுவந்தார். பாலித்தீன் கவரில் ரெண்டு சுற்றுச் சுற்றி இருந்தது. முப்பத்தொரு பக்கம் எழுதியிருந்தது. அவர் முன்னாலேயே ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்து, ரெண்டு பிரதி போட்டு, கொப்பியை அவர் கையிலேயே கொடுத்தேன். கடைசிப் பக்கத்தில் ஒரு தேதியும், 'நாளைக்கு வரச் சொன்னார்கள்' என்பதும் மட்டும் இருந்தது. மறுநாள் குடும்பத்தோடு படகு ஏறிவிட்டார்களாம்.

பிரதியை எங்கே சேர்ப்பது என்று அவரும் நானும் சேர்ந்து முடிவு பண்ணுவதாக இருக்கிறோம். தெரிந்தவர்கள் பின்னூட்டத்தில் வழி சொல்லுங்க. மற்றபடி திட்டுவதற்கும் வரலாம், வாசல் திறந்தே இருக்கு.

டிஸ்கி: அந்த அண்ணன் பெயரை இங்கே போடவில்லை. தம்பி வேண்டாம் என்றார். கொப்பியில் இருக்கு, அது போதும்.