கடல் கடந்த குழம்பு

மாலையில் நம் புதுச்சேரிக் கடற்கரையில் காற்று வாங்கும்போது, வாசகிகளே, நூற்றெழுபது வருஷங்களுக்கு முந்திய காட்சி ஒன்றை நினைத்துப் பாருங்கள். கரும்புத் தோட்ட வேலைக்கு ஐந்து வருஷ ஒப்பந்தம். இங்கிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பலேறுகிறார்கள். போகும் இடம் கரிபியன் கடலில் பிரெஞ்சுக்காரர்களின் குவாதலூப் தீவு. 1854 டிசம்பரில் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் கூட்டத்தை அங்கே இறக்கியது. 1889-க்குள் இந்தியாவிலிருந்து போனவர்கள் 40,000-க்கு மேல். ஊர் திரும்பியவர்கள் குறைவு. தோட்டத்திலேயே மாண்டவர்கள் ஏராளம்.

தங்கியவர்களின் சந்ததிக்கு ஓட்டுரிமைகூட லேசில் கிடைக்கவில்லை. அதற்காக 1904-லிருந்து போராடி, 1923-ல் வென்றவர் ஆன்ரி சிதம்பரோம். சிதம்பரம்தான் அப்படி ஆகிவிட்டது!

இன்று அந்த வீடுகளில் பேச்சு பிரெஞ்சும் கிரியோலும். தமிழ் போய்விட்டது. ஆனால் அடுக்களையை எட்டிப் பாருங்கள். மல்லி, சீரகம், வெந்தயம், கடுகு, மிளகு, மஞ்சள் சேர்த்த பொடிக்கும், அதில் வேகும் ஆட்டுக்கறிக்கும் 'கொலொம்போ' என்று பெயர். இலங்கை நகரத்தின் பெயர் என்பாரும் உண்டு. எனக்கென்னவோ நம் குழம்பென்றே படுகிறது. பாகற்காய் அங்கே 'பரோக்கா'. 'மாலியெமென்' என்று அவர்கள் கும்பிடும் மாரியம்மனுக்குப் பூஜை முடிந்ததும் வாழையிலையில் இந்தக் கொலொம்போதான். ஆப்பிரிக்க வம்சத்தார் வீட்டு விருந்திலும் அதுவே.

பொடியில் மிளகாய் கிடையாது. தீவின் குண்டு மிளகாயை முழுசாகக் குழம்பில் மிதக்கவிடுகிறார்கள். புளிக்குப் பதில் எலுமிச்சை. நம் மாமியார்கள் ஒப்புவார்களோ, என்னவோ!