பழி கிழவன் தலையில்

2018-ஆம் வருஷம் ஆகஸ்டு 22-ந் தேதி இரவு முக்கொம்பில் கொள்ளிடத்து மேலணையின் மதகுகள் ஒன்பது ஆற்றோடு போயின. அதே வெள்ளத்தில், திருவானைக்காவலுக்கு வடக்கே 1928-இல் கட்டிய பழைய இரும்புப் பாலமும் தூண்கள் சரிந்து இடுப்பொடிந்து விழுந்தது. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் கிடைத்தது: "வயதாகிவிட்டது, ஐயா!"

எவ்வளவு சௌகரியமான பதில்! கிழவன் செத்தால் யார் மேலும் கேஸ் இல்லை. மேலணை 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டியது. 182 வயது, வாஸ்தவம். ஆனால் அதற்குக் கிழக்கே, அதே காவிரியில், கரிகாலன் பெயர் சொல்லிக்கொண்டு கல்லணை நிற்கிறதே, அதற்கு என்ன வயது? ஆழங்காணாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை அந்தக் கல்லணையைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டோம் என்று காட்டனே ஒப்புக்கொண்டிருக்கிறார். வயதுதான் எமன் என்றால் முதலில் போயிருக்க வேண்டியது அதுவல்லவா?

இஞ்சினீயர் அல்லாத நமக்கும் புரிகிற சங்கதிதான் இது. பாலத்துத் தூணைப் பிடித்து நிறுத்துவது அதைச் சுற்றியுள்ள மணல். வெள்ளம் வரும்போது நீர் தூணைச் சுற்றிச் சுழன்று மணலைத் தோண்டும். வெள்ளம் வடியும்போது மேலேயிருந்து வரும் மணல் அந்தப் பள்ளத்தை மூடும். ஆறு தானே செய்துகொள்ளும் ரிப்பேர் இது. 1934-இல் மேட்டூர் அணை வந்ததும் மேலிருந்து வரும் மணல் குறைந்தது. மிச்சமிருந்ததை லாரி அள்ளியது. 2003-இல் மணல் விற்பனையைச் சர்க்கார் தன் கையிலேயே எடுத்துக்கொண்டது. லாரி என்னவோ நிற்கவில்லை. ஆற்றுப்படுகை கீழே போகப்போக, தூணின் கால் வெளியே தெரிகிறது. அணைக்குக் கீழ்ப்புறம் பள்ளமானால் தண்ணீர் விழும் உயரம் கூடி, அஸ்திவாரத்தின் அடியையே அரிக்கிறது. கிழவனைத் தள்ளிவிட்டு "தடுமாறி விழுந்தான்" என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

சரி, கிழடுகள் தொலைந்தன. 387 கோடி ரூபாய்த் திட்டத்தில் முக்கொம்பில் புதிய கதவணையும் வந்துவிட்டது. 2024 ஆகஸ்டு வெள்ளத்தில் நடந்தது என்ன? அதே கொள்ளிடத்தில் உயர் அழுத்த மின்கோபுரம் சாய்ந்தது. 2016-இல் திறந்த புதுப் பாலத்தைக் காப்பதற்கென்றே கட்டிய தடுப்புச் சுவரில் ஒரு பகுதி அடித்துக்கொண்டு போயிற்று. பால் பல் விழாத சுவர் அது! அதற்கும் மூப்புதான் காரணமோ?

இப்போது இன்னொரு சாக்கும் தயாராக இருக்கிறது. பருவநிலை மாறிவிட்டதாம். மாறித்தான் விட்டது, மறுப்பவன் மூடன். காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் ஏழு சதவீதம் அதிக ஈரத்தைச் சுமக்கிறது. அது கொட்டும்போது கொட்டுகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தண்டவாளத்தின் அடியில் ஜல்லி கரைந்துபோய், சுமார் 800 பிரயாணிகள் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் ரயிலோடு சிறைப்பட்டார்கள். ஆனால் எதிரி பலசாலியாகிவிட்டான் என்று தெரிந்த பிறகு கோட்டை மதிலின் அடிக்கல்லை உருவி விற்கிற ராஜாவை என்னவென்று அழைப்பது?

நானும் நீங்களும் இதில் ரொம்ப யோக்கியர்கள் என்று நினைக்க வேண்டாம். "ஆற்று மணல்தான் வேண்டும், எம்-சாண்ட் நமக்கு ஒத்துவராது" என்று மேஸ்திரியிடம் அடம் பிடித்தவர்கள் யார்? லாரிக்காரன் மணலைத் தின்கிறானா என்ன?

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஒவ்வொரு பாலத்தடியிலும் ஆற்றுப்படுகையின் மட்டத்தை மழைக்கு முன்னும் பின்னும் அளந்து, அந்தப் பாலத்தின் முகப்பிலேயே ஊரறிய எழுதிப் போடட்டும். போன வருஷத்தைவிட இந்த வருஷம் ஓர் அடி குறைந்திருந்தால் ஏன் என்று பஸ்ஸில் போகிறவன் கேட்கட்டும். பாலம் விழுந்தால் சுற்றி வேறு வழியில் போய்விடலாம். ஆனால் திருச்சி நகரம் குடிக்கிற தண்ணீரை எடுக்கும் கிணறுகளும் இதே கொள்ளிடத்து மணலுக்குள்தான் இருக்கின்றன.