தீபாவளி போனஸும் ஊமை ஸ்பீக்கர்களும்

எஸ்டேட் தொழிலாளி கையில் மொத்தமாகக் கொஞ்சம் பணம் பார்ப்பது தீபாவளி போனஸ் சமயத்தில்தான். சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. வருடம் முழுக்கக் கொழுந்து பறித்த காசு! அதைக் கொண்டுபோய் குன்னூரிலோ ஊட்டியிலோ ஒரு ரிசீவர், ஐந்து ஸ்பீக்கர், ஒரு வூஃபர் என்று வாங்கி வருகிறார்கள். கடைசியில் லைன் வீட்டில் கேட்பது என்ன? பழைய டூ-இன்-ஒன்னில் கேட்ட அதே இரண்டு பக்க சத்தம்.

குற்றவாளி ஸ்பீக்கர் இல்லை, வயர். மாட்டிக் கொடுக்க வருகிற ஆள் செட்டாப் பாக்ஸை டிவியில் செருகுவார். டிவியின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு சிவப்பு-வெள்ளை வயரை ரிசீவருக்கு இழுப்பார். சத்தம் வந்ததா? வந்தது. வேலை முடிந்தது, போயாச்சு.

அந்த சிவப்பு-வெள்ளை வயரில் இடது, வலது என இரண்டு சேனல்தான் போகும். ரிசீவர் அதை வைத்துக்கொண்டு ஊகித்து ஐந்தாகப் பிரித்துக் காட்டலாம். ஆனால் ஊகம் ஊகம்தானே? 1995-ல் 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோவில் வந்த காலத்திலிருந்து தமிழ் சினிமா சுற்றொலிக்குக் காசு கொட்டுகிறது. அது வீட்டு வாசல் வரை வந்து ஒரு தப்பான வயரில் செத்துப்போகிறது.

சரியான முறை ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. ரிசீவர் என்பது மேட்டுப்பாளையம் மாதிரி. நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்தாலும் அங்கே இறங்கித்தான் மலை ரயில் ஏற வேண்டும். அதேபோல செட்டாப் பாக்ஸ், டிவிடி எல்லாம் எச்.டி.எம்.ஐ. வயரில் முதலில் ரிசீவருக்கு. அங்கிருந்து ஒரே வயர் டிவிக்கு. ரிசீவரில் எச்.டி.எம்.ஐ. இல்லையா? படம் நேராக டிவிக்குப் போகட்டும், ஒலி மட்டும் ஆப்டிகல் வயரில் ரிசீவருக்கு வரட்டும். டால்பி டிஜிட்டல் 5.1 அதில் தாராளமாகப் போகும். டிவிக்குள்ளேயே படம் ஓடுகிறது என்றால் ஏ.ஆர்.சி. என்று எழுதிய துளை. 2009-ல் வந்த வசதி அது. செட்டாப் பாக்ஸ் மெனுவில் ஒலியை ஸ்டீரியோவிலிருந்து டால்பிக்கு மாற்ற வேண்டும். மொத்தம் பத்து நிமிட வேலை!

இன்னொன்றையும் சொல்வதில்லை. குன்னூர் பக்கம் பெரிய மழை வடகிழக்குப் பருவமழைதான், அதாவது தீபாவளி சமயம். கூரைமேல் இருக்கும் டிஷ்ஷில் மின்னல் பாய்ந்தால் செட்டாப் பாக்ஸ், ரிசீவர், டிவி என்று வரிசையாகப் போகும். மழை கட்டும்போதே ப்ளக்கோடு டிஷ் வயரையும் கழற்றி வைக்கணும் என்று ஒரு வார்த்தை சொன்னால் வாயா வலிக்கும்?

"அவங்களுக்கு சத்தம் வந்தா போதும் சார், 5.1 எல்லாம் யார் கேக்கறா?" என்பது கடைக்காரர்களின் வாதம். இது வியாபாரமா, ஏளனமா? 5.1 வேண்டாம் என்றால் இரண்டு ஸ்பீக்கரை மட்டும் விற்க வேண்டியதுதானே? பில் ஐந்துக்கு, சேவை இரண்டுக்கு! பெட்டிமேல் ஆயிரக்கணக்கான வாட்ஸ் பி.எம்.பி.ஓ. என்று போட்டிருப்பார்கள். உண்மையில் பார்க்க வேண்டிய ஆர்.எம்.எஸ். அளவு எங்கோ மூலையில், எறும்பு சைஸில். பொருளின் தரம், அளவு, திறன், விலை பற்றித் தெரிந்துகொள்வது வாங்குபவரின் உரிமை என்கிறது 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஏ.சி. ரூமில் உட்கார்ந்து வாங்குபவருக்கு மட்டும் எழுதிய சட்டம் இல்லை அது.

எனவே மாட்டியவரை உடனே அனுப்பிவிடாதீர்கள். ரிசீவரில் டெஸ்ட் டோன் இருக்கும். ஒவ்வொரு ஸ்பீக்கராகப் பேச வைக்கச் சொல்லுங்கள். பிறகு 5.1-ல் ஒரு படம் போட்டு, ரிசீவரின் டிஸ்ப்ளேயில் டால்பி என்று வருகிறதா பாருங்கள். அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.

கொழுந்து எடை போடும் இடத்தில் ஒரு கிலோ குறைந்தால் சும்மா விடுகிறோமா? மூன்று ஸ்பீக்கர் குறைந்தால் மட்டும் ஏன் தலையாட்டிவிட்டு வர வேண்டும்?