கொடுத்த கையே பறிக்கலாமா?

“ஏழைக்குப் பணங் கொடுத்தால் அது குடிக்கன்றோ போகும், பிள்ளையின் படிப்புக்கு எங்ஙனம் போகும்?” என்று நம்மவருள் நாலெழுத்து ஆங்கிலங் கற்றோர் சிலர் வாய் கூசாது வினவுகின்றனர். தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதிப் பிழைக்கும் நாமும் அக்கூட்டத்தினரேயாதலின், விடை கூறும் கடமை நமக்குண்டு.

மெக்ஸிகோ தேசத்தை நோக்குமின்! அத்தேசத்துச் சர்க்கார் 1997ஆம் ஆண்டில் ‘ப்ரொக்ரேஸா’ என்னுந் திட்டத்தைத் தொடங்கிற்று. நாட்டுப்புறத்து வறிய குடும்பங்களுக்குப் பணந் தரப்படும், பள்ளி நாட்களில் நூற்றுக்கு 85 பங்கு பிள்ளை வந்திருக்க வேண்டும், இதுவே நிபந்தனை. பணம் தந்தையிடமன்று, தாயிடமே தரப்பட்டது. வகுப்பு உயர உயரத் தொகையும் உயர்ந்தது; பிள்ளை வளர வளர அவன் ஈட்டக்கூடிய கூலியும் வளர்கின்றதன்றோ? நடுநிலைப் பள்ளியில் ஆணினும் பெண்ணுக்கு அதிகங் கொடுத்தனர். 506 கிராமங்களுள் 320இல் முன்னும், 186இல் பின்னுமாகத் தொடங்கி, இரண்டையும் ஒப்பிட்டனர். பணம் பெற்ற ஊர்களில் நடுநிலைப் பள்ளியிற் சேர்ந்தோர், சிறப்பாகப் பெண்கள், பெருகினர். வேலைக்குச் சென்ற பிள்ளைகள் குறைந்தனர். பல தேசத்து ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கியோரும், இவ்வகை உதவியால் குடி பெருகவில்லை என்றே கண்டனர். கூச்சலிட்டோர் இனி என்ன சொல்வர்?

ஏழைக்குக் கல்வியில் ஆசையில்லை என்பது பொய். பசித்த வீட்டில் பிள்ளையின் கூலி ஒரு பிடி சோறு. அச்சோற்றுக்கு ஈடு செய்யின், பெற்றோரே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவர்.

நிற்க, நிபந்தனையையே தெய்வமெனத் தொழுவோர்க்கும் ஒரு வார்த்தை. மலாவி தேசத்து ஸொம்பா ஜில்லாவில் 2008, 2009ஆம் ஆண்டுகளில் பருவப் பெண்களிற் சிலர்க்கு நிபந்தனையோடும், சிலர்க்கு நிபந்தனையின்றியும் பணங் கொடுத்தனர். நிபந்தனையிட்டவிடத்துப் பள்ளியை விட்டு நின்றோர் குறைவே, மெய்தான். ஆனால் இளமை மணமும் இளமைக் கருப்பமும் குறைந்தது நிபந்தனையில்லாவிடத்தேயாம். ஏன்? படிப்பை விட்ட பெண்ணுக்கும் அங்கே உதவி நிற்கவில்லை. நிபந்தனையோ, ஆதரவு மிக வேண்டிய நாளிலேயே அவளைக் கைவிட்டது. அந்தோ! தவறி விழுந்தவளிடமிருந்து ஊன்றுகோலையும் பறிப்பது என்ன நீதி? மொராக்கோவிலோ, ‘கல்விக்காக’ என்று பெயர் மட்டுஞ் சூட்டிக் கொடுத்த பணமே பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்தப் போதியதாயிற்று.

இன்னொன்று. பெரட்டில் பெயர் கூப்பிட்டுக் கோடிடும் கிராணிமாராகிய நாம் அறிவோம்: செக்ரோலில் கோடு விழுந்ததனால் பால்வாளி நிறைந்துவிடாது. மெக்ஸிகோவில் முதலிற் செய்த சோதனைகளிலும், பிள்ளைகள் அதிக காலம் பள்ளியில் இருந்தனரேயன்றி, பரீட்சையில் அதிக மதிப்பெண் பெற்றிலர். நம் கதையும் அதுவே. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருள்ள தோட்டத்தில் பள்ளி வேண்டுமென்று 1923ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. பள்ளி வந்தது, ஆனால் பல தோட்டங்களில் கங்காணியும் கிராணியுமே வாத்தியாராயினர்! நம் முன்னோர்க்குக் கிடைத்தது கூரையே; கல்வியன்று.

ஆதலின் சகோதரர்களே, நாம் கேட்பன மூன்று: பணம் தாயின் கையிற் சேர்க, தவறிய பிள்ளையின் உதவியை நிறுத்தாதொழிக, பள்ளிக்கு வரும் பிள்ளைக்குக் கற்ற ஆசிரியரை வைக்க. ஏழைக்கு நிபந்தனையிடத் துணிவோர், முதலிற் பள்ளிக்கு நிபந்தனையிடுவாராக!