அரை விநாடித் தாமதம்

வானொலியில் அரை விநாடி என்பது நீண்ட நேரம். பாட்டு முடிந்து நான் வாய் திறக்க அவ்வளவு பிந்தினால் போதும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒலிப்பதிவாளர் அண்ணன் தலையைத் தூக்கிப் பார்த்துவிடுவார். நேயர்களுக்கு அவர் பெயர்கூடத் தெரியாது.

2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளரும் அப்படித்தான் தலையைத் தூக்கினார். அவருடைய சோதனைக் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட ஏறக்குறைய அரை விநாடி கூடுதலாகப் பிடித்தது. நானாக இருந்தால் தே தாரிக் கலக்கப் போயிருப்பேன். அவர் தோண்டினார். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்ற இலவச மென்பொருளுக்குள் யாரோ ரகசியக் கதவு வைத்திருந்தார்கள். புனித வெள்ளியன்று விஷயத்தை உலகுக்குச் சொன்னார்.

அந்தக் கணினியில் இருந்தது டெபியன். 1993இல் தொடங்கி, தன்னார்வலர்கள் நடத்திவரும் லினக்ஸ் இயங்குதளம். அவர்களின் வேலையைப் பொட்டலம் கட்டுவது என்பேன். நாசி லெமாக் சமைப்பவர் ஒருவர், சம்பல் ஒழுகாமல் இலையில் மடிப்பவர் இன்னொருவர் இல்லையா? மென்பொருளை எழுதியவர் நிரலை வெளியிட்டுவிட்டுப் போய்விடுவார். அதை எடுத்து, மற்றவற்றோடு மோதாமல் இயங்க வைத்து, எது எதை நம்பி நிற்கிறது என்று குறித்து, ஓட்டைகளை அடைத்து, புகார்களுக்குப் பதில் சொல்வது இவர்கள். 2023இல் வந்த பன்னிரண்டாம் பதிப்பில் மட்டும் 64,000க்கும் மேற்பட்ட பொட்டலங்கள்.

புதுப் பொட்டலம் உடனே எல்லாருக்கும் போய்விடாது. முதலில் சோதனை வரிசைகளில் ஊற வேண்டும். அந்த மந்தம்தான் அன்று காப்பாற்றியது. ரகசியக் கதவு சோதனை வரிசைகளோடு நின்றது, நிலையான பதிப்புக்குள் வரவில்லை.

பிறகு ஒரு வேடிக்கை. பழைய நல்ல பதிப்புக்குத் திரும்ப வேண்டும். ஆனால் 5.6.1 இருக்கும் கணினி, 5.4.5ஐப் பழையது என்று ஒதுக்கிவிடும். அதனால் '5.6.1+ரியலி5.4.5' என்று பெயர் வைத்தார்கள். வெளியே ஓர் எண், உள்ளே 'உண்மையில்' வேறு. சிரித்தேவிட்டேன்.

சிரிப்பு நிலைக்கவில்லை. எக்ஸ்இசட்டைப் பல ஆண்டுகளாகச் சம்பளமின்றிப் பராமரித்தவர் ஒரே மனிதர். 2022இல் முகம் தெரியாத சிலர் அவரை நெருக்கினார்கள். ஏன் தாமதம், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுங்கள் என்று. மனநலச் சிக்கல் இருக்கிறது, இது ஊதியமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று அவர் விளக்கியும் விடவில்லை. அந்த நேரத்தில் உதவிக் கரம் நீட்டியது 'ஜியா டான்' என்ற பெயர். மெல்ல மெல்லச் சாவி கைமாறியது. நச்சு நிரல் வந்தது அந்தப் பெயரிலிருந்துதான்.

இதை வாசித்தபோது என் பழைய மின்னஞ்சல் ஒன்று ஞாபகம் வந்தது. ஒலியை வெட்டி ஒட்ட நான் பயன்படுத்தும் இலவச மென்பொருள் ஒருமுறை நிகழ்ச்சிக்கு முன் மக்கர் செய்தது. "எப்போதுதான் சரிசெய்வீர்கள்?" என்று அதைப் பராமரிப்பவருக்கு எழுதினேன். ஒரு சென் கொடுத்ததில்லை நான். மறுநாளே பதில் வந்தது, மன்னிப்போடும் சரிசெய்யும் வழியோடும். அவர் ஊரில் அப்போது பின்னிரவு இரண்டு மணி.

வழி வேலை செய்தது. நிகழ்ச்சியும் போனது. அவருக்கு நன்றி சொல்லி எழுதியது போன வாரம்தான்.